ஏபி அப்பனும் ஓ பிள்ளையும்

செப்டம்பர் 8, 2003. திங்கள்

பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும், அப்பா யார் என்ற சோதனையைக் கட்டாயம் ஆக்கலாமா? தெரியவில்லை. காலையிலிருந்து யோசித்தும் தெரியவில்லை. எழுதியதைக் கிழித்தாயிற்று.

புழுக்கம். காற்று துறைமுகப் பக்கத்திலிருந்து. ஜன்னல் கட்டையில் நிலக்கரித் தூள். துடைத்த துணி கறுப்பு.

கேள்வி என்னுடையது இல்லை, பெரிய டாக்டருடையது. சனிக்கிழமை மாலை ஒரு மகளிர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசுகிறார். ஆஸ்பத்திரி நடத்துபவர், பிரசவம் பார்ப்பவர், அதனால் கூப்பிடுகிறார்கள். லேபில் இருப்பவள் நான் என்பதால் சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரிக்கு இங்கே வந்த பிறகு கிடைத்த முதல் அறிவுப் பணி. மற்றபடி சர்க்கரை, யூரின், ஹீமோகுளோபின்.

"சிம்பிள்தானே? பொறந்த உடனே போலியோ சொட்டு, பி.சி.ஜி. ஊசி. அதோட இதையும் ஒண்ணு சேத்துட்டா முடிஞ்சுது. யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்" என்றார், கையில் வடையோடு. அவருக்கு எல்லாமே சிம்பிள்.

மாதா திருநாள். ரீட்டாவுக்கு அரை நாள் லீவு. ரீட்டா இங்கே ஆயா. என் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவளும் அவள்தான். அவள் மகள் ஜெசிந்தாவுக்குப் போன மாதம் இங்கேதான் பிரசவம். பெண் குழந்தை. தாயும் சேயும் இப்போது ரீட்டா வீட்டில். ஜெசிந்தா ஓ நெகடிவ். தாய் நெகடிவ் என்றால் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் வகை பார்ப்பது வழக்கம். நான்தான் பார்த்தேன். ஓ பாசிட்டிவ்.

கிளம்பும் முன் ரீட்டா லேபுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இந்த மூணு பாட்டில்ல சொட்டு வுட்டா அப்பன் யாருன்னே தெரியுமாமே மேடம்? பெரிய டாக்டரு போன்ல சொல்லிகினு இருந்தாங்க."

இது அந்தச் சோதனை இல்லை என்றேன். அது வேறு, செலவு அதிகம், வெளியூருக்கு அனுப்ப வேண்டும். இது வெறும் வகை. இவன்தான் அப்பன் என்று சொல்லாது. சில சமயம் இவன் அப்பன் இல்லை என்று மட்டும் சொல்லும்.

"எப்டி மேடம்?"

கண்ணாடித் தகடுகள் காய்ந்துகொண்டிருந்தன. நேரம் இருந்தது. "இப்ப ஒரு அப்பன் ஏபின்னு வெச்சுக்கோ. ஏ இல்லன்னா பி, ரெண்டுல ஒண்ணு அவன்கிட்டேர்ந்து குழந்தைக்குப் போயே ஆகணும். அதனால அவனுக்கு ஓ குழந்தை பிறக்காது."

"பொறக்கவே பொறக்காதா?"

"பிறக்காது."

அபூர்வ விதிவிலக்குகள் உண்டு. அதெல்லாம் இவளுக்கு எதற்கு என்று விட்டேன்.

"சோக்கா கீதே!" வாயில் கை வைத்தாள். மதியம் சம்பந்தி வீட்டில் திருநாள் பிரியாணி. அங்கே போய்ச் சொல்வாளாம். எனக்கும் சின்ன மகிழ்ச்சி. சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு ஆள்.

வாங்க வேண்டியது: ரவை, தீப்பெட்டி, கொசுவத்தி.

செப்டம்பர் 9. செவ்வாய்

தண்ணி லாரி வரவில்லை. குடங்கள் மட்டும் வரிசையில், ஆட்கள் இல்லை.

மாலை வீடு திரும்பினால் வாசலில் பிலோமினா. ஜெசிந்தாவின் மாமியார். துறைமுக கேட் பக்கம் இட்லிக் கடை போட்டிருப்பவள். லாரிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. தெருக்கோடி வரை கேட்டது.

"எம்புள்ள ரத்தம் ஏபி. பொண்டாட்டிக்காக ஒரு பாட்லு குட்த்தான்ல, அப்பவே சொன்னாங்கோ. லேசுல கெடைக்காத ரத்தம்னாங்கோ. கொயந்த ஓ, டிஸ்சார்ஜ் சீட்டுலயே கீது. நீதான சம்மந்தி சொன்ன, பொறக்கவே பொறக்காதுன்னு? பிரியாணி துன்னுகினே சொன்னியே!"

"ஐயோ, அது வேற பேச்சு சம்மந்தி. நான் ஒரு அதிசயத்துக்குச் சொன்னேன்..." என்றாள் ரீட்டா.

"இன்னா வேற பேச்சு? உன் பொண்ணுக்குத் தனிக் கணக்கா?"

எனக்குப் படியேற வழி இல்லை. பிலோமினா திரும்பினாள். "தோ, வந்துட்டாங்க. இவங்களே சொல்லட்டும். ஏம்மா, ஏபிக்கு ஓ பொறக்குமா?"

"ரோட்ல நின்னு பேசற விஷயம் இல்ல இது" என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. ரீட்டா என் முகத்தைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

மேலே வந்து யோசித்துக் கோர்த்தது. ஜெசிந்தாவுக்கு ரத்தம் குறைவு. ஓ நெகடிவ் கிடைப்பது கஷ்டம், ஒரு பாட்டில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள் என்று நாங்கள்தான் சொன்னோம். ரத்த வங்கியில் ஒரு பாட்டில் வாங்க, வீட்டு ஆள் எந்த வகையானாலும் ஒரு பாட்டில் கொடுக்க வேண்டும். அருள்தாஸ் போனான். ஜெசிந்தாவின் கணவன். துறைமுகத்தில் ஒப்பந்தத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வாசலில் நின்றால் வெளிச்சம் மறையும் உடம்பு. அன்றிலிருந்து தெருவில் பெருமை: என் ரத்தம் ஏபி, எங்கேயும் கிடைக்காது. தெருவுக்கே தெரிந்த இது எனக்குத் தெரியாது. தெருப் பேச்சு மாடிக்கு ஏறுவதில்லை. நான் ஏற விடுவதும் இல்லை.

தெரிந்திருந்தால் ரீட்டாவிடம் வேறு உதாரணம் சொல்லியிருப்பேன்.

குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அந்த ஒரே பிரசவம்தான். குழந்தை மாறியிருக்க வழி இல்லை.

கீழே குழந்தை அழுகை. யாரும் தாலாட்டவில்லை.

செப்டம்பர் 10. புதன்

லேபில் ஃபிரிட்ஜ் ஒழுகுகிறது. மெக்கானிக் நாளை.

ரீட்டா இன்று என்னிடம் பேசவில்லை. பெருக்கினாள், துடைத்தாள், என் மேஜையை மட்டும் விட்டுவிட்டாள்.

மாலை மொட்டை மாடி. ஜெசிந்தா குழந்தைத் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கரித்தூள் படும் என்று ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே திருப்பிப் போடுகிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

தப்பு எங்காவது நடந்திருக்கலாம், என் லேபில்கூட, என்றேன். "குழந்தை குதிகால்ல ஒரு துளி எடுத்து மறுபடி பாத்துடறேன்."

"வேணாம் ஆன்ட்டி."

"உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்கு இன்னாத்துக்கு? எனக்குத் தெரியாதா?" கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசினாள். "எதுத்த வூட்டு ஷீலாக்குந்தான் கொயந்த பொறந்துச்சு. அதுக்கு எட்த்தாங்களா? எங்க மாமியாரு பெத்தப்ப அவங்களுக்கு எட்த்தாங்களா? எல்லாருக்கும் எடுங்க, லைன்ல நின்னு நானும் குடுக்கறேன். எனக்கு மட்டும்னா குடுக்க மாட்டேன்."

பெரிய டாக்டருக்கான சாதகப் பக்கத்தின் முதல் வரி இதுதான். நான் இரண்டு நாளாகத் தேடியது.

"மாமியாரு கத்தறது எனக்குப் பேஜாரே இல்ல ஆன்ட்டி. அவங்க இட்லி வேவலன்னாலும் கத்துவாங்க. இவரு நேத்து வந்தாரு. கொயந்தயப் பாத்தாரு. தலய குனிஞ்சிகினு உக்காந்தாரு. 'நீயும் நம்பறியா'ன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. டீய குட்ச்சாரு, போய்ட்டாரு."

கிளிப்பை எடுத்தாள். "தெரியும்னு ஒரு வார்த்த. உன்ன எனக்குத் தெரியும்னு. வேற இன்னா கேட்டேன்?"

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். முடிந்ததும் புருஷன் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. இப்போது மாமியார் வாசலில் கால் வைக்கக் கூடாது என்கிறாளாம்.

 மீதித் துணியை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கை அளவு சட்டைகள்.

செப்டம்பர் 11. வியாழன்

மெக்கானிக் வரவில்லை. மருந்துப் புட்டிகளை மேல்வார்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றினேன். வெயில் கடுமை. மதியம் தயிர்சாதம்.

நோட்ஸ், வந்த வரிசையில்:

எல்லாருக்கும் என்றால் யாரையும் தனியாக நிறுத்த வேண்டாம். ஜெசிந்தா சொன்னது. பலமான வாதம்.

ஆனால் எல்லாத் தாயையும் சந்தேகத்தோடுதான் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஆகாதா? சமமாக அவமானப்படுத்தினால் அவமானம் இல்லையா?

முடிவு 'இல்லை' என்று வந்தால்? பிரசவித்த மறுநாள், தையல் பிரியாத பெண். அந்தக் காகிதத்தை யார் கையில் கொடுப்பது? வார்டு வாசலில் காத்திருப்பவன் கையிலா? அன்று இரவு அவள் எங்கே படுப்பாள்? குழந்தைக்கு யார்? இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கும்?

குழந்தை மாறிப் போவதைக் கண்டுபிடிக்கலாம். அது நல்லது.

லேபில் பெயர் மாறும். எல்லா லேபிலும் மாறும். என்னுடையதிலும் மாறியிருக்கிறது. சர்க்கரை என்றால் மறுபடி எடுக்கலாம்.

இதையெல்லாம் எழுதும்போது நினைவு. எனக்கு ஒரு வரன் வந்தது, முப்பதை ஒட்டி. மணலிப் பக்கம் கம்பெனி இன்ஜினியர். ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண் என்பதால் டாக்டர் சர்ட்டிஃபிகேட் ஒன்று வேண்டும் என்றார்கள். எதற்கு என்று அவர்களும் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. "பையனும் ஒண்ணு கொண்டு வரட்டும்" என்றேன். காபி டம்ளர்களை வைத்துவிட்டு எழுந்தார்கள். அப்பா மட்டும் என்னைத் திட்டவில்லை. அடுத்த வரன் அத்தனை சீக்கிரம் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

அப்பாவுக்குச் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும். எனக்கும். சின்ன வயதில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இரண்டு பேரும் விரலை நீட்டிக் காட்டுவோம். ரசீது பார்த்துக்குங்க என்பார். இப்போது காட்ட ஆள் இல்லை. பார்த்து ஆமாம் என்று சொல்லவும் இல்லை.

இது நோட்ஸில் வராது.

செப்டம்பர் 12. வெள்ளி

ஃபிரிட்ஜ் சரியானது. சத்தம் மட்டும் கூடுதல்.

மதியம், கூட்டம் ஓய்ந்த நேரம், லேப் வாசலில் வெளிச்சம் மறைந்தது. அருள்தாஸ். ஹெல்மெட் கையில். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தான்.

"மேடம், ஏபிக்கு ஓ பொறக்கவே பொறக்காதா? லட்சத்துல ஒண்ணு?"

"லட்சத்துல ஒண்ணு எங்கயாவது இருக்கலாம். அதுக்கு முன்னாடி உங்க குரூப்ப நானே ஒருதரம் பாத்துடறேன். விரலக் குடுங்க."

குத்தும் ஊசியின் உறையைப் பிரித்தேன். அவன் முகம் சாம்பலாயிற்று. மேலுதட்டில் வியர்வை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மூன்று வயசுப் பிள்ளைகள் செய்வது.

"ஒரே குத்து. எறும்பு கடிச்ச மாதிரி."

"வேணாம் மேடம். தல சுத்துது."

நிஜமாகவே சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் கொடுத்தேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு குடித்தான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. ஒரு பாட்டில் எடுக்கிற ஊசி இதைவிட எவ்வளவு பருமன். இந்தக் கை அதற்கு நீட்டப்பட்டதா?

"அன்னிக்கு ரத்தம் குடுத்தது நீங்கதானா?"

காலண்டரைப் பார்த்தான். ஹெல்மெட்டைத் திருப்பினான். பிறகு மெதுவாக:

"தோஸ்து குட்த்தான் மேடம். குமாரு. என்கூட வண்டி ஓட்டறான். நானும் போனேன், உள்ள பெட்டுல படுத்தேன் மேடம், சத்தியமா படுத்தேன். அந்த ஊசியப் பாத்ததும் எய்ந்து வந்துட்டேன். குமாரு, 'மாமு, நீ வெளிய குந்து, உன் பேர்ல நான் குட்த்துட்டு வர்றேன்'னான். ஹார்பர்ல அப்டித்தான மேடம். ஒருத்தன் வரலன்னா அவன் டோக்கன்ல இன்னொருத்தன் ஏறிக்குவான். வேல நடக்குதா இல்லியா, அதான் கணக்கு."

"பேரு உங்களுது. ரத்தம் குமாருது."

"வெளிய வந்து, 'மாமு, உன் ரத்தம் ஏபியாம்டா, கெடைக்காதாம்டா'ன்னு சிரிச்சான். நானும் அப்டியே தெருவுல..."

"ஜெசிந்தாகிட்ட ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? அவ ரத்தமில்லாம புள்ளய சொமந்துகினு கெடந்தா, நான் ஒரு ஊசிக்கு ஓடியாந்தேன்னா? எங்கம்மா ஆட்டுக்கால் சூப்பு வெச்சிக் குட்த்துச்சு மேடம். ரத்தம் குட்த்த புள்ளன்னு. கடைக்கு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லுச்சு."

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கினேன். அவன் முன்னால் குனிந்தான்.

"நீங்க சொன்னா கேப்பாங்க மேடம். லட்சத்துல ஒண்ணு இப்டிப் பொறக்கும்னு எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த. நீங்க சொன்னா கவருமெண்டு சொன்ன மாதிரி."

சொல்லலாம். அது பொய்கூட இல்லை. அப்படிக் குழந்தை எங்கோ பிறக்கும். உண்மையை வைத்தே பொய் சொல்ல இவ்வளவு வசதியாக ஒரு வழி. தெரு அடங்கும், ரீட்டா என் மேஜையைத் துடைப்பாள்.

"மாட்டேன். நீங்களே சொல்லுங்க. மொதல்ல ஜெசிந்தாகிட்ட."

"ஞாயித்துக்கெயமக்குள்ள சொல்லிட்றேன் மேடம். நீங்க மட்டும் வாயத் தெறக்காதீங்க."

வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. தலையை ஆட்டினேன். லேபில் கேட்டது லேபோடு. இத்தனை வருஷப் பழக்கம்.

நோட்ஸில் கடைசியாகச் சேர்த்தது: கட்டாயம் ஆக்கினால் எத்தனை அப்பன்கள் தோஸ்தை அனுப்புவார்கள்? அதில் எத்தனை பெண்கள் நடுத்தெருவில் நிற்பார்கள்?

செப்டம்பர் 13. சனி

காலை தூறல். மண் நனையுமுன் நின்றுவிட்டது.

கேட்டைத் திறக்கும்போது ஜெசிந்தா படியில் உட்கார்ந்து குழந்தையின் வெள்ளைக் கவுனுக்கு லேஸ் தைத்துக்கொண்டிருந்தாள். "வந்தாரா?" என்றேன், ஏதோ பொதுவாகக் கேட்பது போல. "வரல." ஊசியில் நூல் கோர்க்க வராமல் என்னிடம் நீட்டினாள். கோர்த்துக் கொடுத்தேன். வாய் வரை வந்தது. தலையாட்டியது நினைவு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன். பஸ் அவசரம் ஒன்றும் இல்லை.

"நாளைக்கு நீங்களும் வாங்க ஆன்ட்டி. எங்க பக்கம் ஆளு கம்மி."

மாலை மகளிர் சங்கம். ஏ.சி. ஹால், சமோசா. பெரிய டாக்டர் கட்டாயம் ஆக்க வேண்டும் என்ற பக்கம் பேசினார். ஜெசிந்தாவின் வரியை அப்படியே சொன்னார், நல்ல கைதட்டல். தோஸ்து விஷயத்தை அடித்துவிட்டிருந்தார். "அது ஜோக் மாதிரி இருக்கு. அப்படியெல்லாம் யாரு பண்ணுவாங்க?" என்றார் காரில்.  லேபில் கேட்டது லேபோடு.

அங்கே ஒரு அம்மா எழுந்து, "சொந்த அப்பன்னு தெரிஞ்சவங்க எல்லாம் புள்ளையை வெச்சுக் காப்பாத்தறாங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்று டாக்டர் சொன்னார். நேரம் முடிந்தது.

நாளை பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம். அதற்குள் அவன் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். பின்வாங்காமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 14. ஞாயிறு

காட்டன் புடவை, நீலம். கோயில் கடைசி பெஞ்சில் இடம். எனக்கு அங்கே எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாது. முன்னால் இருந்தவரைப் பார்த்துச் செய்தேன்.

அருள்தாஸ் வந்திருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஜெசிந்தா பக்கத்தில், ஒரு ஆள் இடைவெளி விட்டு. ரீட்டா கையில் மெழுகுவர்த்தி. பிலோமினா உள்ளே வரவில்லை. வாசல் படியில் குடையோடு நின்றாள். திரும்பிப் போகவும் இல்லை.

அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, சொல்லவில்லை. எழுந்து ஜெசிந்தாவிடம் போக நான்கைந்து பெஞ்சு தாண்டினேன். அதற்குள் ஃபாதர் தொடங்கிவிட்டார். பாதி வழியில் நின்றுவிட்டேன்.

சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, அவன் பொய்களை விட்டுவிடுகிறீர்களா என்ற மாதிரி பெற்றோரிடம் கேள்விகள். அன்று ஞானஸ்நானத்துக்கு வந்த மற்றக் குழந்தைகளின் அப்பன்கள் எல்லாம் மளமளவென்று சொல்லிவிட்டார்கள். இவன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபாதர் மறுபடி கேட்டார்.

"ஒரு நிமிஷம் ஃபாதர்" என்றான். நடுவழியாக நடந்து, என்னைத் தாண்டி, வாசலுக்குப் போனான். எல்லாத் தலையும் திரும்பியது.

அவன் சொன்னது கேட்கவில்லை. பிலோமினா சொன்னது பலிபீடம் வரை கேட்டது.

"இன்னாது? குமாரா? அடப்பாவி, ஆட்டுக்கால் சூப்பு வெச்சிக் குட்த்தேனேடா! நல்லி நல்லியா உறிஞ்சுனியேடா!"

குடை முதுகில் விழுகிற சத்தம். "ஊசிக்கு பயந்த நாயி, அதுக்கா ஒரு பொண்ண இந்தப் பாடு படுத்துன? நானும் தெருத் தெருவாக் கத்தினேனே!"

கோயில் முழுக்கச் சிரிப்பு. ஃபாதர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிலோமினா குடையோடு உள்ளே வந்தாள், நேராகக் குழந்தையிடம். "எம்மா, என் தங்கமே, அப்டியே என் மூக்கு!" கொஞ்ச நேரம் முன்னால் வரை அது யாருடைய மூக்கோ.

ரீட்டா அழுதாள், சிரித்தாள். ஜெசிந்தா இரண்டும் இல்லை. சடங்கு முடிந்தது. தண்ணீர் பட்டதும் குழந்தை கத்தியது.

வெளியே வேப்பமரத்தடியில் அருள்தாஸ் கை நீட்டினான், குழந்தையை வாங்க. அவள் கொடுக்கவில்லை.

"அன்னிக்கு நம்பறியான்னு கேட்டேனே. அப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிகினேதான் டீ குட்ச்சிகினு இருந்த."

அவ்வளவுதான். அம்மாவோடு ஆட்டோவில் ஏறிவிட்டாள். பிலோமினா ஆட்டோ கூடவே கொஞ்ச தூரம் வந்தாள். "வூட்டுக்கு வாம்மா, பிரியாணி ஆறுது" என்றாள். ஆட்டோ நிற்கவில்லை.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். ஜெசிந்தா. என் வீட்டுக்குள் வந்தது இதுவே முதல் தடவை. உட்காரவில்லை. புத்தக அலமாரியைப் பார்த்தாள், ஒற்றை நாற்காலியைப் பார்த்தாள்.

"காலைல கோயில்ல எய்ந்து வந்தீங்க. பாதியில நின்னுட்டீங்க. உங்களுக்கு முன்னாலயே தெரியுமா ஆன்ட்டி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"வெள்ளிக்கிழமையிலிருந்து."

"நேத்து நூல் கோத்துக் குட்த்தீங்களே. அப்பவும்?"

"அப்பவும்."

விளக்கம் இருந்தது. லேப், நம்பிக்கை, தொழில் முறை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள், நான் அவனிடம் ஆட்டியது மாதிரி. இறங்கிப் போனாள். காபி போடலாம் என்று எடுத்த இரண்டு டம்ளரும் மேஜையில்.

நாளை என்ன செய்வாள் என்று தெரியவில்லை. கேட்கிற இடத்தில் இனி நான் இல்லை.

செப்டம்பர் 15. திங்கள்

லாரி வந்தது. பாதிக் குடத்தோடு தீர்ந்தது.

லேப் திறக்கும்போதே அருள்தாஸ் வாசலில். ஷிஃப்டுக்குப் போகிற வழியாம்.

"எடுங்க மேடம்."

"யார் சொன்னாங்க?"

"அவதான். 'உன் ரத்தம் இன்னான்னு ஒயுங்கா தெரிஞ்சிகினு வா, அப்றம் பேசலாம்'னா."

கண்ணை மூடிக்கொண்டான். ரீட்டா வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், ஊசி போடும் குழந்தையைப் பிடிப்பது போல. "இன்னா மாப்ள, முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு." இன்னும் குத்தவே இல்லை. குத்தினேன். "யம்மா" என்றான். விழவில்லை.

தகட்டில் மூன்று சொட்டு. நடுவிலும் கடைசியிலும் திரிதிரியாகக் கூடியது. பி பாசிட்டிவ்.

"சரியா வருதா மேடம்?"

"வரலாம். இல்லன்னு சொல்ல முடியாது. இது அவ்வளவுதான் சொல்லும்."

"அதுக்காவ இல்ல மேடம். கொயந்த என்னுதுன்னு எனக்குத் தெரியும். அவள எனக்குத் தெரியும்."

அதை என்னிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவளிடம் சொல்லுங்கள் என்றேன். பெரிய பிளாஸ்திரியாக ஒன்று கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டான். இத்தனை சின்னக் குத்துக்கு.

ரீட்டா என் மேஜையைத் துடைத்தாள். பேசவில்லை. ஆனாலும் துடைத்தாள்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் போகும் வழியில், "அடுத்த மாசம் இன்னொரு சங்கத்துல இதே டாபிக் கேக்கறாங்க" என்றார். நோட்ஸைக் கொஞ்சம் நீட்ட வேண்டுமாம்.

மாலை வீடு. படிக்கட்டில் ஜெசிந்தா, மடியில் குழந்தை. எதிரே அருள்தாஸ், வேலைச் சட்டையிலேயே. நான் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பிளாஸ்திரியைப் பிரித்தாள். விரல் நுனியை வெளிச்சத்தில் திருப்பி, நன்றாகப் பார்த்தாள். சிவப்பாக ஒரு புள்ளி. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். "ஸ்ஸ்" என்றான்.

அதற்குப் பிறகுதான் குழந்தையைக் கொடுத்தாள். அந்த விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாங்கினான். ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. அவளைக் கூட்டிப்போக அவன் கொண்டுவந்த ஆட்டோ காத்திருந்தது. காலியாகத்தான் போனது.

நான் மேலே ஏற, ஜெசிந்தா என்னைப் பார்க்காமல் எழுந்து சுவரோரம் நகர்ந்து வழிவிட்டாள்.